பெருவிரல் நோகிறதா?



இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை நாரி நோவு, முழங்கால் நோவு, நித்திரையின்மை பற்றியவை. சென்ற மாதம் நயினாதீவிலிருந்து வந்த கடிதம் வேறு மாதிரியானது. எழுதியவர் பனையோலையில் பெட்டியும் தட்டும் இழைத்து விற்று வாழ்பவர். வலது கைப் பெருவிரலின் அடியில், மணிக்கட்டோடு சேரும் இடத்தில், இரண்டு மாதமாக நோவு என்கிறார். கேத்திலைத் தூக்க முடியவில்லை. ஓலையை வார்ந்து இழுக்கும்போது உயிர் போகிறது. மகள் கனடாவில் இருப்பதால் ஒவ்வொரு நாளும் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறார். அதனால் வந்த நோவாக இருக்குமோ என்று கேட்டதற்கு வீட்டில் சிரித்தார்களாம். "போன் பிடிச்சுக் கை நோகுதாம்" என்று அயலட்டையிலும் பகிடி. போனை விடுவதா, ஓலையை விடுவதா என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. ஷெல் துண்டை உடம்பில் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் இருக்கும் ஊரில் இதை ஒரு வருத்தம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறதாம்.

முதலில் அந்த வெட்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிய நோவைக் கண்டவர்கள் சின்ன நோவைச் சொல்லக்கூடாது என்று ஒரு எழுதாத சட்டம் எங்கள் பெண்களிடம் இருக்கிறது. யார் போட்ட சட்டமோ தெரியாது. ஓலை இழைப்பவருக்கும், நண்டுச் சதை பிரிப்பவருக்கும், தையல் மெஷினில் இருப்பவருக்கும் பெருவிரல்தான் முதல். ஒரு கையால் செய்யும் வேலையில் பாதியளவு பெருவிரலை நம்பியே நடக்கிறது. அது முடங்கினால் அன்றைய உழைப்பும் முடங்கும். ஆகவே இது பகிடிக்குரிய விடயமல்ல.

போன் எங்கள் வீடுகளில் எப்படிப் பாவிக்கப்படுகிறது என்று ஒரு நாளைக்கு உற்றுப் பாருங்கள். ரொறன்ரோவில் கோடை காலத்தில் இரவு ஒன்பது மணியென்றால் இங்கே மறுநாள் காலை ஆறரை. அங்கே பிள்ளை வேலை முடித்து ஆறுதலாக இருக்கும் நேரம் இங்கே தாய் குசினியில் நிற்கும் நேரம். ஒரு கை புட்டு மாவைக் குழைக்கும், மற்றக் கை போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கும். பரிசில் இரவு எட்டு மணியென்றால் இங்கே பதினொன்றரை. அந்தக் கதை படுக்கையில் நடக்கும். மல்லாந்து படுத்தபடி, முகத்துக்கு மேலே, ஒரு கையால். முக்கால் மணித்தியாலம் ஒரு இறாத்தல் சீனியைக் கையில் ஏந்திக்கொண்டு படுத்திருக்கச் சொன்னால் யாரும் சம்மதிக்கமாட்டோம். அதில் பாதிப் பாரமுள்ள போனை ஏந்திக்கொண்டு படுத்திருப்பது மட்டும் எங்களுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் அதற்குள் பிள்ளையின் முகம் தெரிகிறது.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படம் அந்தப் போனுக்குள் மட்டுமே இருக்கின்ற தாய்மாரையும் எனக்குத் தெரியும். கையால் கீழே வைக்கமாட்டார்கள். நித்திரையிலும் பிடித்தபடி கிடப்பார்கள். அவர்களிடம் போய்ப் "போனைக் குறையுங்கள்" என்று நான் சொல்லப்போவதில்லை. செய்தி கேட்பதற்குக் கை உழைப்பதும் எங்களுக்குப் புதிதல்ல. 1990களில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். கைக்கு நோகாமல் கேட்கும் வழியை மட்டும் பார்ப்போம்.

ஒரு கையால் போன் பாவிப்பது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. 2013ஆம் ஆண்டில் ஸ்ரீவன் ஹூபர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தெருவிலும் பஸ்சிலும் கடையிலும் போன் வைத்திருந்தவர்களை 1,333 தடவை அவதானித்துக் குறித்தார். திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 வீதமானோர் ஒரு கையாலேயே பிடித்து, அதே கையின் பெருவிரலாலேயே தொட்டார்கள். ஆனால் பிடியை அவர்கள் அடிக்கடி மாற்றிக்கொண்டார்கள் என்பதையும் அவர் கண்டார். நல்ல பழக்கம் அதுதான். எங்களுக்கு மற்றக் கை எப்போதும் ஏதோ ஒரு வேலையில் இருப்பதால் மாற்றுவதற்கு வாய்ப்புக் கிடைப்பதில்லை.

போனும் வரவர வளர்ந்துவிட்டது. 2007இல் வந்த முதலாவது ஐபோன் 135 கிராம் பாரம், திரை மூன்றரை அங்குலம். இன்று சாதாரணமாகக் கையில் இருப்பவை ஆறரை அங்குலம், 200 கிராமுக்குக் கிட்ட. பெருவிரல் அதே நீளம்தான். வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பும் போன் இன்னும் பெரிது, அதற்கு மேலே தடித்த கவசம் வேறு. பெரிய போன் அனுப்பினால்தான் மரியாதை என்று நினைக்கிறார்கள். சின்னக் கையுள்ள அம்மாவுக்கு அனுப்புகிறவர்கள் ஒருமுறை அவருடைய கையையும் நினைத்துப் பார்க்கலாம்.

இனிக் கைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பெருவிரலை வெளியே விரிக்கவும் மேலே தூக்கவும் இரண்டு நாண்கள் முன்கையிலிருந்து வருகின்றன. மணிக்கட்டின் பெருவிரல் பக்கத்தில் அவை ஒரு ஒடுக்கமான உறைக்குள்ளால் போகின்றன. கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு நேராக ஓடினால் தேயாது. சரிந்து, உரசி, ஓயாமல் ஓடினால் கயிறும் தடிக்கும், கப்பியும் இறுகும். போனை ஒரு கையில் பிடித்துத் திரையின் எதிர் மூலையைத் தொடப் பெருவிரலை எட்டி நீட்டும் ஒவ்வொரு தடவையும் இந்த நாண்கள் அந்த உறைக்குள் இழுபடுகின்றன. அதே நேரம் போன் விழாமலிருக்கச் சின்னிவிரலைக் கீழே படிபோல் கொடுத்து முழுப் பாரத்தையும் அதில் ஏற்றுகிறோம். சிலருக்குச் சின்னிவிரலில் தழும்பே விழுந்திருக்கும். பாருங்கள்.

இந்த உறை இறுகும் நோயை சுவிற்சர்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் டி குவெர்வேன் 1895ஆம் ஆண்டிலேயே விவரித்தார். முதலாவது ஐபோன் வருவதற்கு நூறு வருடத்துக்கு மேல் முந்தி. கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாருக்கு இது அதிகம் வருவதால் ஆங்கிலத்தில் "தாய்மாரின் பெருவிரல்" என்ற பொருளிலும் சொல்வார்கள். ஆகவே போன்தான் ஒரே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஓலை வார்ந்து, உடுப்புப் பிழிந்து, இடியப்பம் பிழிந்து, தேங்காய் திருவி ஏற்கனவே களைத்த விரல் அது. அது ஓய்ந்திருக்க வேண்டிய இரவு நேரத்திலும் போன் அதற்கு வேலை கொடுக்கிறது. வீட்டுக்காரர் சிரித்ததும் பிழை, போனை மட்டும் குற்றம் சொன்னாலும் பிழை.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, மற்ற நான்கு விரல்களாலும் அதை மூடுங்கள். அப்படியே மணிக்கட்டை மெதுவாகச் சின்னிவிரல் பக்கம் சரியுங்கள். பெருவிரலின் அடியில், மணிக்கட்டு எலும்பின் மேல் சுள்ளென்று குத்தினால் அநேகமாக இதுதான். பலமாகச் சரிக்க வேண்டாம். சோதனையே நோவைக் கூட்டிவிடும். நோவில்லாமல் விறைப்பு இருந்தால் அது வேறு கதை. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் இரவில் விறைத்து, எழும்பிக் கையை உதறினால் சுகமாக இருந்தால், மணிக்கட்டின் நடுவால் போகும் நரம்பு நெருக்கப்படுகிறது. சின்னிவிரலும் மோதிரவிரலும் விறைத்தால் முழங்கையை நெடுநேரம் மடித்து வைத்திருந்ததால் வந்திருக்கலாம். போனைக் காதில் வைத்து ஒரு மணித்தியாலம் கதைப்பவர்களுக்கு இது தெரியும்.

பரிகாரத்தில் முதலாவது, பாரத்தைக் கையிலிருந்து இறக்குவது. முகம் பார்த்துக் கதைப்பதற்குப் போனைக் கையில் வைத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. கடையில் விற்கும் தாங்கி வாங்க வசதியில்லாவிட்டால் அரிசி நிரப்பிய பேணி ஒன்றில் சாய்த்து வையுங்கள். வழுக்கினால் கீழே பழைய சைக்கிள் ரியூபில் ஒரு துண்டு வெட்டிப் போடுங்கள். போன் கண் மட்டத்துக்குக் கிட்ட வரும்படி பேணியை ஒரு பெட்டிக்கு மேல் வைத்தால் பிடரியும் தப்பும். படுக்கையில் கதைப்பவர்கள் மல்லாந்து படுப்பதை விட்டுப் பக்கவாட்டில் படுத்து, தலையணை ஒன்றில் போனைச் சாய்த்துவிடுங்கள். இரண்டு கையும் சும்மா கிடக்கட்டும். இத்தனை வருடம் சும்மா கிடக்காத கைகள்.

கையில் பிடித்தே ஆகவேண்டிய நேரத்துக்கு ஒரு பட்டி தையுங்கள். இரண்டு விரல் அகலமான இலாஸ்ரிக்கைப் போன் கவசத்தின் பின்பக்கத்தில் குறுக்கே பொருத்தி, நான்கு விரல்களையும் அதற்குள் நுழைத்தால், இறுக்கிப் பிடிக்காமலே போன் கையில் நிற்கும். சின்னிவிரலுக்கு விடுதலை. பெருவிரலுக்கும் பாதி விடுதலை, ஏனென்றால் பிடிக்கும் வேலை போய்விட்டது, தொடும் வேலை மட்டும்தான்.

அடுத்தது எழுதுவது. தமிழில் எழுதுவது விரலுக்குக் கூடுதல் வேலை. "யாழ்ப்பாணம்" என்று ஒரு சொல்லை எழுத, கொம்பு, குற்று, அரவு எல்லாம் சேர்த்துப் பதினொரு தடவை தொட வேண்டும். எண்ணிப் பாருங்கள். ஆகவே பேசி அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் குரல் பதிவு 2013இலிருந்து இருக்கிறது. ஆனால் பலர் முழுக் கதையும் முடியும்வரை ஒலிவாங்கிப் படத்தைப் பெருவிரலால் அமத்தியபடி இருக்கிறார்கள். அமத்திய விரலை அப்படியே மேலே தள்ளினால் பூட்டுப்போல் ஒன்று விழும். பிறகு விரலை எடுத்துவிட்டு எவ்வளவு நேரமும் பேசலாம். எழுத்தாகவே அனுப்ப வேண்டுமென்றால் கூகிள் விசைப்பலகையில் குரலை எழுத்தாக்கும் வசதி இருக்கிறது. மொழிப் பட்டியலில் "தமிழ் (இலங்கை)" என்றே தனியாக இருக்கும். எங்கள் பேச்சைக் கேட்டுச் சில வேளை விசித்திரமாக எழுதும். அனுப்ப முதல் ஒருதரம் வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

மேல் மூலையை எட்டித் தொடுவதற்கும் வழி உண்டு. 2021இல் வந்த அன்ட்ரொயிட் 12உம் அதற்குப் பிந்தியவையும் கொண்ட பல போன்களில் "ஒரு கைப் பாவனை" என்ற பொருளில் ஒரு தெரிவு அமைப்புகளுக்குள் இருக்கிறது. அதைத் திறந்துவிட்டால், திரையின் அடியில் விரலைக் கீழே இழுத்ததும் மேலே உள்ளவை பாதித் திரைக்கு இறங்கி வரும். ஐபோனிலும் 2014இலிருந்து இதுபோல ஒன்று இருக்கிறது. விசைப்பலகையையும் ஒரு பக்கத்துக்கு ஒதுக்கலாம். இதையெல்லாம் வீட்டில் ஏ.எல். படிக்கும் பிள்ளை ஐந்து நிமிடத்தில் செய்து தரும். கேட்க வேண்டியதுதான்.

இன்னொன்று, அமத்துவது. ஓலையும் கடலும் சாம்பலும் பட்டுத் தோல் காய்த்துப்போன விரலைத் திரை சில வேளை மதிப்பதில்லை. உடனே நாங்கள் பலமாக அமத்துகிறோம். அதில் பிரயோசனமில்லை. இந்தத் திரை அமத்தத்தை அறிவதில்லை, தோலினூடாகப் போகும் மிகச் சிறிய மின்மாற்றத்தைத்தான் அறிகிறது. காய்ந்து தடித்த தோல் அதற்குத் தடை. நுனிவிரலில் கொஞ்சம் ஈரப்பதம் இருந்தால் போதும். இரவில் தேங்காயெண்ணெய் தடவி வருவதும் தோலை மெதுவாக்கும். காய்ப்பில்லாத பக்கவாட்டால் தொட்டுப் பாருங்கள். ஆனால் மீன் வெட்டிய ஈரக் கையோடு தொட்டால் திரை தன்பாட்டுக்கு ஓடும். உப்புத் தண்ணீர் அதைவிட மோசம். விரலடையாளம் வைத்துப் போனைத் திறக்க முடியாமல் போவதும் இப்படித்தான். ரேகை தேய்ந்திருக்கிறது. அது உங்கள் பிழையுமல்ல, போனின் பழுதுமல்ல. இலக்கத்தை வைத்துத் திறவுங்கள்.

இதை எழுதும்போது வேலணையில் நான் சந்தித்த ஒரு சகோதரியை நினைத்துக்கொள்கிறேன். 2009இல் வன்னியில் இடது கையை முழங்கைக்குக் கீழே இழந்தவர். இப்போது கருவாடு போட்டு விற்கிறார். கொழும்பிலிருந்து வரும் ஓடர்கள் எல்லாம் வட்ஸ்அப்பில்தான். பிடிப்பதும் அந்தக் கை, தொடுவதும் அந்தக் கை. எங்களுக்கு ஒரு கைப் பாவனை வசதி, அவருக்கு அதுதான் வழி. அவருக்கும் பெருவிரல் நோகத் தொடங்கியிருந்தது.

"அக்கா, எனக்கு மிஞ்சினது இந்த ஒரு கைதான். இதுவும் போனா நான் ஆரிட்டப் போறது?" என்றார்.

அவருக்கு நாங்கள் செய்தது பெரிய விடயமல்ல. சரிவாக ஒரு பலகைத் துண்டு, அதன் மேல் ரியூப் றப்பர், கீழே போன் வழுக்காமல் ஒரு சட்டம். மடியிலோ மேசையிலோ வைத்துவிட்டுச் சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் மாறி மாறித் தொடலாம். பெருவிரலுக்கு வேலையே இல்லை. "இன்ன விலை, இன்ன நாள் அனுப்புவம்" என்று திரும்பத் திரும்ப எழுதுவதைப் போனிலேயே குறுக்கெழுத்தாகப் பதிந்து கொடுத்தோம். இரண்டெழுத்துத் தொட்டால் முழு வசனமும் வரும்.

அப்போதுதான் அவர் கேட்டார், பிளாஸ்ரிக் கையால் தொட்டால் ஏன் வேலை செய்வதில்லை என்று. மேலே சொன்ன அதே காரணம்தான். பிளாஸ்ரிக்கும் றப்பரும் மின்சாரத்தைக் கடத்தாது. நுனியில் கடத்தும் றப்பர் வைத்த தொடுகோல் கடைகளில் கிடைக்கிறது, சிலவற்றைச் செயற்கைக் கையில் பொருத்தலாம். ஆனால் மிஞ்சியிருக்கும் கை வெறும் தோல்தானே என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சீலைத் தலைப்பை ஒதுக்கி, இடது கையின் நுனியால் திரையைத் தடவினார். படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. பக்கத்திலிருந்த மகன், "அம்மா, அந்தக் கையாலயே லைக் போடுங்கோ" என்றான். மூவரும் சிரித்தோம். இப்போது வலது கை கருவாடு பொதி செய்ய, இடது கை அழைப்பை எடுத்து ஒலிபெருக்கியில் போடுகிறது.

கை, கால் இழந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் 1987இலிருந்து இயங்கும் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிறுவனத்தை அறிந்திருப்பீர்கள். அங்கு போகும்போது போன் பாவிப்பதில் உள்ள சிரமத்தையும் சொல்லிக் கேளுங்கள். நடப்பதைப் பற்றி மட்டும்தான் கதைக்கலாம் என்று இல்லை.

லோஞ்சில் போகிறவர்களுக்கும் ஒரு சொல். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் போனையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைக் காண்கிறேன். அலை தூக்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டு மணிக்கட்டும் இழுபடுகின்றன. கச்சான் காலத்தில் அது கைநோவோடு நிற்காது. போனைக் கழுத்துப் பையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடியுங்கள். அழைப்பு இறங்குதுறையில் எடுக்கப்படட்டும்.

இனி நயினாதீவுச் சகோதரிக்கு. போனையும் விட வேண்டாம், ஓலையையும் விட வேண்டாம். மூன்று கிழமைக்குப் பெருவிரலுக்கு ஓய்வு கொடுங்கள். மகளோடு பேணியில் சாய்த்து வைத்துப் பேசுங்கள். ஓலை வார்வதை இயன்றால் வேறொருவரிடம் கொடுத்து, இழைப்பதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கையை விரித்து ஆறவிடுங்கள். கேத்திலை இரண்டு கையாலும், உள்ளங்கை மேல்நோக்க, கீழே துணி கொடுத்துத் தூக்குங்கள். நொச்சியிலை ஒத்தடம் சுகம் தரும், ஆனால் யாரையும் விரலைப் பிடித்து இழுத்துச் சொடுக்கு எடுக்க விடாதீர்கள். நாணின் உறை மேலும் வீங்கும்.

மூன்று கிழமையில் குறையாவிட்டால், அல்லது பொருட்கள் கையிலிருந்து நழுவத் தொடங்கினால், அல்லது பெருவிரலின் அடிச் சதை மற்றக் கையைவிட மெலிந்து தெரிந்தால், தாமதிக்க வேண்டாம். உங்கள் ஊர் வைத்தியசாலையில் காட்டி, தேவையானால் யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்குங்கள். பெருவிரலை அசையாமல் வைக்கும் பட்டி கட்டுவார்கள், சிலருக்கு ஊசி போடுவார்கள். சத்திரசிகிச்சை வரை போகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். சீனி வருத்தமும் தைரொயிட் குறைபாடும் நரம்பு நெருக்குவதைக் கூட்டும் என்பதால் அந்த இரத்தப் பரிசோதனையையும் கேட்டுச் செய்யுங்கள். மருத்துவரிடம் ஓலை வேலையையும் சொல்லுங்கள், போனையும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு ஒன்றை மறைத்தால் அவருக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

குறைந்ததா என்று எங்களுக்கு அறியத் தாருங்கள். கடிதம் எழுத வேண்டாம், குரலில் பேசி அனுப்புங்கள்.